புத்தகக் கணக்கை விட்டுப் பக்கக் கணக்குக்கு மாறுங்கள்

ஜனவரியில் ‘இந்த வருடம் 50 புத்தகம்’ என்று எழுதி வைத்துவிட்டு மார்ச்சிலேயே கைவிட்டவள் நான். இப்போது ஒரு நாளைக்கு 10 பக்கம், அவ்வளவுதான். வருடத்துக்கு 3,650 பக்கம் ஆகிறது. 250 பக்கப் புத்தகம் என்றால் 14 முடிந்துவிடும். எண்ணிக்கையைத் துரத்தினால் கை தானாகவே ஒல்லிப் புத்தகத்தைத் தேடிப் போகும், தடித்த நாவல் அலமாரியிலேயே தூங்கும். பக்கக் கணக்கில் அந்தத் தொல்லை இல்லை. படித்த புத்தகங்களைக் கணக்கு வைக்கும் குட்ரீட்ஸ் தளத்தில் வருட இலக்கு வைத்திருந்தால் நடுவில் எண்ணைக் குறைத்துக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, என் மகள்களைப் படிக்க வைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ‘படி, படி’ என்பதை நிறுத்திவிட்டு, அவர்கள் கண்ணில் படும்படி நான் படிக்க ஆரம்பித்தேன். போனில் படித்தால் அம்மா போன் பார்க்கிறாள் என்றுதான் தோன்றும். அதனால் அச்சுப் புத்தகம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 20 நிமிடம், ஒரே அறையில், ஆளுக்கொரு புத்தகம். சின்னவளுக்கு மட்டும் நான் வாசித்துக் காட்ட வேண்டும். கதை சூடுபிடிக்கும் இடத்தில் நிறுத்திவிடுவேன். “அப்புறம்?” என்பாள். “நாளைக்கு” என்று மூடிவிடுவேன். போன வாரம் பொறுக்கமாட்டாமல், வரிக்கு அடியில் விரலை வைத்து எழுத்துக்கூட்டி, மீதியைத் தானே படித்துக்கொண்டிருந்தாள்.

பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விட அவர்களுக்கு அனுமதி உண்டு. எனக்கும்தான். 50 பக்கம் பார்ப்பேன், ஒட்டவில்லை என்றால் அடுத்தது. படித்த பக்கங்கள் கணக்கில் சேரும். முடித்ததும் ‘இந்தக் கதையில் என்ன நீதி?’ என்று மட்டும் பிள்ளைகளிடம் கேட்டுவிடாதீர்கள்.