தாழ்ந்த கம்பியிலிருந்து தொடங்குங்கள்: முதல் புல்-அப்புக்கான பயிற்சி முறை

சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் குடியிருப்புப் பேட்டைகளில் புளோக்குகளுக்கு இடையே பெரும்பாலும் ஓர் உடற்பயிற்சி மூலை இருக்கும். பல இடங்களில் அங்கே வெவ்வேறு உயரங்களில் இரண்டு மூன்று கம்பிகளை நட்டு வைத்திருப்பார்கள். கம்பியில் தொங்கி, தாடை கம்பியைத் தாண்டும்வரை உடம்பைத் தூக்கும் புல்-அப் பழக வேண்டும் என்று முடிவெடுத்துக் கீழே இறங்கி வருபவர் நேராக உயரமான கம்பிக்குத்தான் போவார். எட்டிப் பிடித்து, காலை உதறி, உடம்பை அரையடி தூக்கிப் பார்த்துவிட்டு, கையைத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவார். இடுப்பு உயரத்தில் நிற்கும் தாழ்ந்த கம்பி சிறுவர்களுக்கானது என்ற எண்ணத்தில் யாரும் அதைத் தொடுவதில்லை. முதல் புல்-அப்பை எட்டுவதற்கான வேலையில் பாதி அந்தத் தாழ்ந்த கம்பியில்தான் நடக்க வேண்டும் என்பது என் கருத்து; மீதிப் பாதி, உயரக் கம்பியில் தொங்குவதிலும் அதிலிருந்து மெதுவாக இறங்குவதிலும் இருக்கிறது. ஏறும் முயற்சி எல்லாவற்றுக்கும் கடைசியில் வருவது.

புஷ்-அப் எடுக்கும்போது கால்விரல்கள் தரையில் ஊன்றியிருப்பதால், கைகள் தாங்குவது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். புல்-அப்பில் அந்தச் சலுகை கிடையாது. எழுபது கிலோ எடையுள்ளவர் எழுபது கிலோவையும் தூக்கியாக வேண்டும். தேசிய சேவையாளர்களுக்கான ஐபிபிடி உடலுறுதித் தேர்விலிருந்து 2015ஆம் ஆண்டில் கம்பிப் பயிற்சி நீக்கப்பட்டு, புஷ்-அப், சிட்-அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம் ஆகிய மூன்றோடு தேர்வு சுருங்கியது. பள்ளிகளின் நாப்ஃபா உடலுறுதிச் சோதனையில் மட்டும் அது நீடிக்கிறது: பதினைந்து வயதை எட்டிய பையன்கள் உயரக் கம்பியில் புல்-அப் எடுக்கிறார்கள், மாணவிகளும் இளைய பையன்களும் தாழ்ந்த கம்பியில் சாய்நிலையில் இழுக்கிறார்கள். “பள்ளியில் எட்டு எடுத்தேன், இப்போது ஒன்றுகூட வரமாட்டேன் என்கிறது” என்று சொல்லும் நாற்பது வயது அண்ணன்கள் நம்மிடையே நிறைய உண்டு. அவர்களும் இதுவரை ஒன்றுகூட எடுத்திராதவர்களும் தொடங்க வேண்டிய இடம் ஒன்றுதான்.

இந்தப் பயிற்சியில் முதன்மையாக உழைப்பது முதுகின் இரு பக்கமும் விரிந்திருக்கும் அகலத் தசை. ஜிம்மில் அதை லாட் என்பார்கள். கீழ்முதுகிலும் இடுப்பெலும்பிலும் தொடங்கி, அக்குளின் கீழாகச் சென்று மேற்கை எலும்பில் முடிகிற அந்தத் தசைக்கு, முழங்கையை மடக்கும் தசைகளும், தோள்பட்டை எலும்புகளைப் பின்னும் கீழும் இழுக்கும் தசைகளும், பிடியைக் காக்கும் முன்கைத் தசைகளும் துணை நிற்கின்றன. நாற்காலியில் அமர்ந்து வேலை செய்பவருக்கு இவற்றில் முன்கையும் தோள்பட்டையைச் சுற்றிய தசைகளும்தான் முதலில் கைவிரிக்கும்.

ஆகவே முதலில் பழக வேண்டியது தொங்குவது. தோள் அகலத்தைவிடச் சற்றே கூடுதலான இடைவெளியில், உள்ளங்கைகள் முன்னோக்கி இருக்கும்படி கம்பியைப் பிடியுங்கள். கட்டைவிரல் கம்பியைச் சுற்றி வந்து மற்ற விரல்களைப் பூட்ட வேண்டும். கம்பி உள்ளங்கையின் நடுவில் அமர்ந்தால், எடை இறங்கியதும் தோல் மடிந்து விரலடியில் கொப்புளம் எழும். விரல்கள் உள்ளங்கையோடு சேரும் கோட்டை ஒட்டிக் கம்பியை வைத்தால் அந்தத் தொல்லை குறையும். முழு எடையையும் தாங்க முடியாதவர்கள், கால்விரல் நுனியைத் தரையிலோ உறுதியான ஒரு படியிலோ ஊன்றி, கைகளுக்குத் தாங்கக்கூடிய அளவு எடையை மட்டும் கொடுக்கலாம். இருபது முப்பது விநாடி வீதம் மூன்று முறை நிதானமாகத் தொங்க முடிந்தால் பிடி போதிய அளவு தேறிவிட்டது என்று கொள்ளலாம். விடிகாலையில் உடற்பயிற்சி மூலைக்கு வரும் மூத்தோரில் சிலர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் புஷ்-அப் எடுத்துக்கொண்டிருக்கும் இளைஞர்களில் பலரால் அவர்கள் அளவுக்குத் தொங்க இயலாது.

தொங்கும்போது தோள்கள் காதுகளை ஒட்டி மேலேறி நிற்கும். அந்த நிலையில், முழங்கையைச் சிறிதும் மடக்காமல், தோள்களை மட்டும் காதுகளிலிருந்து கீழே இறக்குங்கள். கழுத்து நீளும், நெஞ்சு சற்று முன்னே வரும், உடம்பு ஓரிரு அங்குலம் மேலே எழும். ஒரு விநாடி நிறுத்தி, மெதுவாகப் பழைய நிலைக்குத் திரும்புங்கள். பார்ப்பவருக்கு ஒன்றும் நடக்காதது போலத் தெரியும் இந்தச் சிறிய அசைவில்தான் ஒவ்வொரு புல்-அப்பும் தொடங்குகிறது. இதைத் தாண்டிவிட்டு முழங்கையை மடக்கித் தொடங்குபவர், முதுகின் வேலையையும் கையின் மேல் சுமத்துகிறார். அதனால் விரைவில் களைப்பதோடு, முழங்கை வலியும் பின்னாலேயே வரக்கூடும். ஒரு சுற்றுக்கு ஆறிலிருந்து எட்டு முறை, மூன்று சுற்று போதும்.

இனி தாழ்ந்த கம்பி. அதன் கீழே மல்லாந்து, நெஞ்சுக்கு நேர் மேலே கம்பி வரும்படி பிடித்து, குதிகால்களைத் தரையில் ஊன்றி, தலையிலிருந்து குதிகால் வரை உடம்பை ஒரே நேர்கோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்த்து, முழங்கைகளை விலாப்பக்கமாக இழுத்து, நெஞ்சு கம்பியைத் தொடும்வரை எழுங்கள். ஒரு விநாடி நின்று, மூன்று எண்ணும் வரை இறங்குங்கள். இதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. இடுப்பு தொய்ந்து பின்புறம் தரையை நோக்கித் தொங்குவது ஒன்று. பிட்டத் தசையையும் வயிற்றையும் இறுக்கினால் அது சரியாகிவிடும். நெஞ்சு எட்டாத குறையைக் கழுத்தை நீட்டித் தாடையால் ஒப்பேற்றுவது மற்றொன்று. அப்படி நேர்ந்தால், உடம்பின் சாய்வு உங்கள் வலிமைக்கு மிஞ்சியதாக இருக்கிறது என்று பொருள்.

இந்தப் பயிற்சியின் பெரிய வசதியே அந்தச் சாய்வுதான். கால்களைக் கம்பியின் பக்கம் பின்னுக்கு நகர்த்தி நிமிர்ந்து நின்றால் கைகளுக்குப் பாரம் குறையும்; குதிகால்களை முன்னே தள்ளிப் படுத்த நிலைக்கு நெருங்க நெருங்கப் பாரம் ஏறும். முழங்காலை மடக்கிப் பாதம் முழுவதையும் ஊன்றிக்கொள்வது இன்னும் எளிது. எந்த நிலையில் எட்டு முறை சுத்தமாக எடுக்க முடிகிறதோ அங்கே தொடங்கி, மூன்று சுற்றிலும் பன்னிரண்டு வந்ததும் பாதங்களை ஓரடி முன்னே தள்ளுங்கள். ஜிம் உறுப்பியமோ கருவியோ தேவைப்படாமல் இவ்வளவு துல்லியமாகப் பாரத்தைக் கூட்டிக் குறைக்கும் பயிற்சி வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. உங்கள் பேட்டையில் தாழ்ந்த கம்பி இல்லையென்றால், பூங்காக்களில் இருக்கும் இணைக் கம்பிகளில் ஒன்றைப் பயன்படுத்தலாம். வீட்டில் சாப்பாட்டு மேசையின் விளிம்பைப் பிடித்து இதைச் செய்யச் சொல்பவர்கள் உண்டு. மேசை கவிழ்ந்தால் முகத்தின் மேல்தான் விழும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

சாய்வு நன்றாகக் கீழிறங்கிய பிறகு, உயரக் கம்பியிலிருந்து மெதுவாக இறங்கும் பயிற்சியைச் சேர்க்க வேண்டும். சுருங்கும்போது தூக்க முடியாத எடையையும், நீளும்போது தசையால் கட்டுப்படுத்தி இறக்க முடியும். ஒரு முறைகூட ஏற முடியாதவர் பல முறை இறங்கலாம் என்பது இதனால்தான். உறுதியான பெஞ்சிலோ படியிலோ ஏறி நின்று, தாடை கம்பிக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் உள்ளங்கைகள் உங்கள் முகத்தைப் பார்க்கும் பிடியே நல்லது. மேற்கைத் தசையின் உதவி கூடுதலாகக் கிடைப்பதால் அது எளிது. அதைத்தான் சின்-அப் பிடி என்கிறார்கள். கால்களைப் படியிலிருந்து எடுத்து, மேலேயே ஒரு விநாடி நின்று, ஐந்து எண்ணிக்கொண்டே கை முழுதாக நீளும்வரை இறங்குங்கள். வாய்விட்டு எண்ணினால் மூச்சை அடக்கிக்கொள்ளும் பழக்கமும் வராது. மீண்டும் மேலே போவதற்குப் படியையே பயன்படுத்துங்கள்.

ஏறத்தாழ எல்லோருக்கும் முழங்கை செங்கோணத்தில் மடங்கியிருக்கும் இடத்தில் பிடி நழுவியது போல் உடம்பு சட்டென்று விழும். அந்த இடத்திலேயே இரண்டு விநாடி நிறுத்திப் பழகினால் சில வாரங்களில் அந்தப் பள்ளம் நிரம்பிவிடும். ஒரு சுற்றுக்கு மூன்று இறக்கம், மூன்று சுற்று, வாரத்தில் இரண்டு நாள். அதற்கு மேல் வேண்டாம். இறங்கும் பயிற்சி தசையை மிகுதியாகச் சோதிப்பதால், மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ கை வலிப்பது இயல்பு. ஆனால் கை வீங்கி நீட்ட முடியாமல் போய், சிறுநீர் கோப்பி ஓ எனும் பாலில்லாக் காப்பியின் நிறத்தில் வந்தால், அது தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கத் தொடங்கியதன் அறிகுறியாக இருக்கலாம்; அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ஆர்வக் கோளாறில் முதல் நாளே ஐம்பது அறுபது இறக்கம் எடுப்பவருக்கு இந்த ஆபத்து அதிகம்.

இழுத்தால் நீளும் ரப்பர் மீள்பட்டையைக் கம்பியில் மாட்டிக் காலை அதில் வைத்து ஏறுவது பரவலாக இருக்கிறது. பட்டை மிகுதியாக நீண்டிருக்கும் கீழ்நிலையில் அது கூடுதலாகத் தூக்கிவிடும். மேலே போகப் போக உதவி குறையும். ஆகவே அதையே நம்பிப் பழகியவருக்குத் தொங்கும் நிலையிலிருந்து புறப்படும் பலம் வளராமல் போகலாம். துணைக்கு வைத்துக்கொள்ளலாமே தவிர முதன்மைப் பயிற்சியாக வேண்டாம். ஆக்டிவ்எஸ்ஜி பொது ஜிம்களுக்குப் போகிறவர்கள், அமர்ந்தபடி கம்பியைக் கீழே இழுக்கும் லாட் புல்-டவுன் கருவியை மழை நாளுக்கான மாற்றாகக் கொள்ளலாம்.

வாரத்துக்கு மூன்று நாள் போதும். திங்கள், வியாழன், சனி என்று இடைவெளி விட்டு வைத்துக்கொள்ளலாம். முதல் மாதம் தொங்குவது, தோளிறக்கம், தாழ்ந்த கம்பி ஆகியவை மட்டும். அடுத்த மாதத்திலிருந்து மூன்றில் இரண்டு நாள்களில் இறங்கும் பயிற்சியை முதலில் செய்துவிட்டு, பிறகு தாழ்ந்த கம்பிக்கு வாருங்கள். முதல் புல்-அப்புக்கு எவ்வளவு காலம் ஆகும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். எடை கூடுதலாக இருப்பவருக்கும், மேலுடம்பில் தசை அளவு பொதுவாகக் குறைவாக இருக்கும் பெண்களுக்கும் மாதங்கள் கூடலாம், முறை மட்டும் மாறுவதில்லை. தொடக்கத்தில் வரும் முன்னேற்றத்தில் பெரும்பகுதி, தசைகளை ஒன்றாக இயக்க நரம்புகள் பழகிக்கொள்வதால் வருகிறது. தசைநாண்கள் உறுதிப்படுவதற்கு அதைவிடக் கூடுதல் காலம் பிடிக்கும் என்பதால், கைக்குப் பலம் வந்துவிட்டது என்று தோன்றும் வாரங்களில்தான் முழங்கையின் உட்பக்கம் வலிக்கத் தொடங்கும். வலி தெரிந்ததும் அளவைப் பாதியாகக் குறையுங்கள். குறைத்தும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள். தோள்மூட்டு முன்பு விலகிய வரலாறு உள்ளவர்களும் இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களும் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

குறையும் ஒவ்வொரு கிலோவும் கம்பியில் தூக்க வேண்டாத ஒரு கிலோ. அதற்காகப் பட்டினி கிடந்தால் தசையும் கரையும். காலையில் பரோட்டாவும் தே தாரிக்கும், பகலில் சோறு மிகுந்த தட்டு என்று நாள் ஓடுபவர், உணவங்காடியில் அதே தட்டில் சோற்றைப் பாதியாக்கி, முட்டை, மீன், கோழி, தவ்க்குவா (சோயாக் கட்டி), தெம்பே (புளிக்கவைத்த சோயா) ஆகியவற்றில் இரண்டைச் சேர்த்துக்கொண்டாலே புரதம் கணிசமாகக் கூடும். சைவம் உண்பவர்கள் பருப்பையும் தயிரையும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஊர் வானிலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். நடுப்பகல் வெயிலில் நின்ற இரும்புக் கம்பி கையைச் சுடும். மழை விட்ட பிறகு அதே கம்பி வழுக்கும். காலை எட்டு மணிக்கு முன்போ, பொழுது சாய்ந்த பிறகோ போவது வசதி. கம்பியையும் கையையும் துடைக்க உலர்ந்த துண்டு ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும், ஏனெனில் இந்த ஈரப்பதத்தில் பிடி நழுவுவது பலம் தீர்வதற்கு முன்பே நடந்துவிடும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் டிசம்பர், ஜனவரியில் வெளிக் கம்பியை மட்டும் நம்பியிருந்தால் பயிற்சி விட்டுப்போகும்.

எட்டிலிருந்து பத்து விநாடி எடுத்துக்கொண்டு இறங்குவதை ஐந்து முறை தொடர்ந்து செய்ய முடிகிறபோது, ஏறிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. முந்தைய நாள் ஓய்வெடுத்திருக்க வேண்டும். கைகளைச் சுழற்றி, தாழ்ந்த கம்பியில் எளிதான சாய்வில் ஐந்து முறை இழுத்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, சின்-அப் பிடியில் முழுதாகத் தொங்குங்கள். தோள்களை இறக்குங்கள், முழங்கைகளைக் காற்சட்டையின் பின்பைக்குள் செருகுவது போல் கீழே இழுங்கள், கால்களை உதறாதீர்கள். தாடை கம்பியைத் தாண்டினால் ஆயிற்று. பாதியில் நின்றால் அதே நாளில் இரண்டு மூன்று முறைக்கு மேல் முயலாமல், வழக்கமான பயிற்சிக்குத் திரும்பி இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள்.

ஒன்று வந்த பிறகு இரண்டாவதை அதே மூச்சில் எடுக்க முயன்று கோணலாக இழுப்பதைவிட, ஒன்று எடுத்து இரண்டு நிமிடம் ஓய்ந்து, அப்படி ஐந்து தனித்தனிப் புல்-அப்புகளைச் சேர்ப்பது விரைவில் பலன் தரும். ஐந்தும் ஒரே தரத்தில் வரத் தொடங்கியதும் முதல் சுற்றை மட்டும் இரண்டாக்குங்கள். சின்-அப் பிடியில் மூன்று தொடர்ந்து வந்தபின், உள்ளங்கை வெளிப்பார்த்த பிடிக்கு மாறி மறுபடியும் ஒற்றையிலிருந்து தொடங்கலாம். அந்தப் பிடியில் எண்ணிக்கை முதலில் குறைவாகத்தான் வரும்.