கம்பஸ் வேலைக்கு அப்ளை பண்ணப்போறீங்களா, இதை வாசியுங்கோ

2021ல வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமா வந்திட்டுது, கிளிநொச்சி அறிவியல் நகர்ல யாழ் பல்கலைக்கழகத்தின்ர பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கு, ஆனா எங்கட பிள்ளையள் கனபேர் வட்ஸ்அப்பில யாரோ போட்ட வேலை விளம்பரப் போட்டோவைப் பாத்திட்டு விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முதல்நாள்தான் ஓடித்திரியினம். கிழமைக்கு ஒருக்கா கம்பஸ் வெப்சைட்டில வேக்கன்சி (வேலை வெற்றிடம்) பக்கத்தை நீங்களே பாருங்கோ.

ஆராய்ச்சி உதவியாளர் வேலை பெரும்பாலும் புரஜெக்ட் காசில வாறது, புரஜெக்ட் முடிய வேலையும் முடியும், எண்டாலும் மேல படிக்க நினைக்கிறாக்களுக்கு நல்ல வாசல். கடைசி வருச ஆய்வை சிவியில ஒரு வரியில முடிக்காதேங்கோ, குளத்துத் தண்ணி டெஸ்ட் பண்ணினீங்களெண்டா என்ன மிசின் பாவிச்சனீங்கள், டேட்டாவை எந்த சொப்ட்வெயார்ல பாத்தனீங்கள் எண்டு விளக்கமா எழுதுங்கோ.

அலுவலக வேலையெண்டா வயசெல்லையையும் ஓஎல், ஏஎல் தகுதியையும் முதல்ல பாருங்கோ. இடம்பெயர்வில சேர்டிபிகேட் துலைச்ச குடும்பங்கள் இஞ்ச எத்தினை, பயப்படாதேங்கோ, பிறப்புச் சான்றிதழ் பிரதி பிரதேச செயலகத்தில எடுக்கலாம், பெறுபேறு பரீட்சைத் திணைக்களத்தில எடுக்கலாம், ஆனா விளம்பரம் வரமுதலே எடுத்து வையுங்கோ. விண்ணப்பத்தைத் தபால்ல கேட்டா பதிவுத் தபால்லயே அனுப்புங்கோ, கவரின்ர இடப்பக்க மேல் மூலையில பதவிப் பெயர் எழுதச் சொல்லியிருந்தா அதை விட்டிடாதேங்கோ. ஏற்கனவே அரசாங்க வேலையில இருக்கிறாக்கள் திணைக்களத் தலைவருக்கூடாகத்தான் அனுப்போணும், அது கையெழுத்தாகி வர நாளெடுக்கும், விளம்பரம் பாத்த கையோட குடுத்திடுங்கோ.