கல்லாயுதக் கழிவைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சக்கிமுக்கிக் கல்லில் ஒரு கைக்கோடரி செதுக்கினால், தரையில் நூற்றுக்கணக்கில் செதில்களும் எண்ணி மாளாத பொடிச்சில்லும் விழும். அகழாய்வுக்குப் புதிதாக வருகிறவர்கள் கோடரியை யாரும் சொல்லாமலே பத்திரப்படுத்திவிடுகிறார்கள். கோட்டை விடுவது கழிவில்தான்.

பொடிச்சில்லைக் கொட்டிவிடுவது

இன்றைக்கும் எரிச்சல் மூட்டும் தவறு இது. 5 மி.மீ. சல்லடையில் சலித்துவிட்டு, கீழே விழுந்ததை மண்மேட்டில் கொட்டிவிடுகிறார்கள். எண்ணிக்கையில் கழிவின் பெரும்பங்கு 1 செ.மீ.க்கும் குறைந்த சில்லுதான். செதுக்கியவர் கருவியை எடுத்துப் போவார், நல்ல செதில்களையும் பொறுக்கிக்கொள்வார்; பொடியை எவரும் சுமப்பதில்லை. அது குவிந்து கிடந்தால் வேலை அங்கேயே நடந்தது எனலாம். பெரிய செதில் இருந்து பொடி இல்லையென்றால், ஓடுநீர் அரித்துப் போயிருக்கலாம், அல்லது செதில்களே வேறிடத்திலிருந்து வந்திருக்கலாம். சலித்தவரே கொட்டியிருந்தாலோ, காரணம் வெள்ளமா சல்லடையா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. தோண்டிய குழியை மறுபடி தோண்டவா முடியும்?

இங்கிலாந்தின் பாக்ஸ்குரோவில், ஏறக்குறைய 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன் குதிரையை அறுத்துக் கூறுபோட்ட இடத்தில், செதில்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார்கள். நடுவே கைக்கோடரி வடிவில் வெற்றிடம் தெரிந்தது. கோடரியைக் கொண்டுபோய்விட்டார்கள், அதன் உருவம் கழிவில் தங்கிவிட்டது.

ஆகவே 1 மீட்டர் சதுரத்தை 50 செ.மீ. பக்கமுள்ள நான்கு கட்டங்களாகப் பிரியுங்கள். கட்டத்துக்கொரு பையில் மண்ணை அள்ளி, 2 மி.மீ. சல்லடையில் நீர்விட்டு அலசி, நிழலில் உலர்த்துங்கள். 1 செ.மீ.க்குக் குறைந்ததை எண்ணி, மொத்தமாக எடைபோட்டால் போதும். ஒவ்வொன்றுக்கும் எண் எழுத வேண்டாம்.

விளிம்புப் பிசிறை அன்றைய மனிதரின் கைவேலை என்பது

காலில் மிதிபட்டாலும், கரணை உரசினாலும், ஒரே பையில் குலுங்கினாலும் விளிம்பு பிசிறும். புது முறிவின் நிறம் பழைய மேற்பரப்போடு ஒட்டாது. முதலில் அதைப் பாருங்கள். பெரிய செதில்களைத் தனித்தனியாகப் பொதியுங்கள், விளிம்பில் பிரஷ் போடாதீர்கள்.

ஒரே செதிலை வைத்துச் சுத்தியலைத் தீர்மானிப்பது

செதிலில் அடிபட்ட இடத்தின் கீழுள்ள புடைப்பு தூக்கலாக இருந்தால் சுத்தியல் கல்; செதில் மெலிந்து, அடிபட்ட ஓரத்தில் உதடு போல நீட்டியிருந்தால் மான்கொம்பு. ஆனால் இரண்டும் கலந்து வரும், குவியல் முழுவதையும் பாருங்கள். திருவள்ளூர் மாவட்டத்துத் தொல்பழங்கால இடமான அத்திரம்பாக்கத்தில் கிடைப்பது போன்ற குவார்ட்சைட் என்னும் கடினப் பாறையில் இந்த அடையாளங்கள் சக்கிமுக்கியில் போலத் துலக்கமாக இருக்காது.

தொல்லியல் இடத்திலேயே செதுக்கிப் பழகுவது

கூடவே கூடாது. வேறிடத்தில் தார்ப்பாய் விரித்து, கழிவை ஒரு சில்லு விடாமல் அள்ளிவிடுங்கள்.

முகமூடி போடாதது

செதுக்கும்போது கிளம்பும் சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.