ஐக்லர் வீட்டைப் புதுப்பிக்கிறீர்களா? கூரையிலிருந்து தொடங்குங்கள்

கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ, சன்னிவேல், கூப்பர்டினோ பக்கம் வீடு தேடி அலைந்த தமிழ்க் குடும்பங்கள் ஒரு ஐக்லர் வீட்டுக்குள்ளாவது காலடி வைத்திருக்கும். தெருவிலிருந்து பார்த்தால் தாழ்ந்த கூரையும் சன்னலே இல்லாத பலகைச் சுவரும்தான். கதவைத் திறந்தால் பல வீடுகளில் வானம் தெரியும் முற்றம், அதைத் தாண்டினால் தோட்டம்வரை கண்ணாடி. ஜோசப் ஐக்லர் 1940களின் கடைசியிலிருந்து 1974 வரை கலிபோர்னியாவில் இப்படிச் சுமார் 11,000 வீடுகளைக் கட்டினார். வரைந்தவர்கள் ஆன்ஷென் அண்ட் ஆலன், ஜோன்ஸ் அண்ட் எம்மன்ஸ், கிளாட் ஓக்லண்ட் போன்ற கட்டடக்கலைஞர்கள்.

இந்த வீடுகளை வாங்குகிறவர்கள் வழக்கமாகச் செய்வது: வெளிப்பலகையின்மேல் ஸ்டக்கோ பூச்சு, தெர்மாகோல் கார்னிஸ், கட்டம்போட்ட வெள்ளை வினைல் சன்னல், உள்ளே மரக்கூரையை மறைத்து டிரைவால் எனும் ஜிப்சம் அட்டை. அழகு கெடுகிறது என்பது பாதிதான். மற்ற வீடுகளில் கட்டமைப்பு ஒன்று, அதை மூடும் பூச்சு வேறு. இங்கே உத்திரமும் தூணும் கூரைப் பலகையும்தான் பூச்சு. கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே அட்டிக் கிடையாது, தரைக்கடியில் நுழைய இடம் கிடையாது, ஒயரையோ குழாயையோ ஒளிக்க இடம் கிடையாது. இது தெரியாமல் கைவைத்தால் ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று உடையும். அதனால் வேலை வரிசைதான் முக்கியம்.

முதலில் சிட்டி ஆபீஸ்

உங்கள் மனை எந்த விதிக்குள் வருகிறது என்று திட்டத் துறையில் கேளுங்கள். சன்னிவேல் 2009லும் பாலோ ஆல்டோ 2018லும் ஐக்லர் வீடுகளுக்கென்று வடிவமைப்பு வழிகாட்டி வெளியிட்டிருக்கின்றன. கூப்பர்டினோவின் ஃபேர்குரோவ் பகுதிக்குத் தனி மண்டல விதியே உண்டு. சில தெருக்களில் தரைத்தளத்துக்கு மேல் மாடி எழுப்பவே தடை. பாலோ ஆல்டோவின் கிரீன் கேபிள்ஸ், கிரீன்மெடோ இரண்டும் 2005ல் தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் ஏறியவை. அந்தப் பதிவு மட்டும் வீட்டுக்காரர் கையைக் கட்டாது. கட்டுவது நகர விதிகள்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு சண்டை போடுகிறவர்கள் நிறைய.

அடுத்தது ஆஸ்பெஸ்டாஸ் சோதனை. தரையில் 9 அங்குலச் சதுர ஓடு, அதற்கடியில் கருப்புப் பசை இருந்தால் இரண்டிலும் இருக்க வாய்ப்பு அதிகம். சுரண்டாதீர்கள், மெஷின் வைத்துத் தேய்க்காதீர்கள். சான்றிதழ் பெற்றவர் மாதிரி எடுத்துப் பார்க்கட்டும். அகற்றும் அளவு பெரிதானால் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக் காற்றுத்தர நிர்வாகத்துக்கு 10 வேலைநாட்கள் முன்னதாக அறிவிப்பு தரவேண்டும். கான்ட்ராக்டரின் கால அட்டவணையில் இந்த இரண்டு வாரம் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.

கூரை: எல்லா ஒயரும் இந்த வழியாகத்தான்

சமையலறையிலிருந்து தொடங்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. புது அலமாரி மாட்டி முடித்தபிறகுதான், அதன்மேல் விளக்கு வேண்டுமென்றால் ஒயர் கூரைக்கு மேலாகத்தான் வரவேண்டும் என்று எலக்ட்ரீஷியன் சொல்வார். ஆகவே கூரையைப் பிரிக்கும்போதே விளக்கு, ஃபேன், புகைபோக்கி, ஏசி எல்லாவற்றின் இடமும் முடிவாகியிருக்க வேண்டும்.

கூரை என்பது ஒன்றோடொன்று நாக்கும் பள்ளமுமாகக் கோத்த 2க்கு 6 பலகை. 2 அங்குலம் என்பது பெயரளவுக்குத்தான்; உண்மைக் கனம் ஒன்றரை அங்குலம். அதன் அடிப்பக்கம்தான் உங்கள் வரவேற்பறையின் சீலிங். பழைய தாரையும் சரளையையும் அகற்றியதும் ஒவ்வொரு பலகையையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் மாற்ற வேண்டும். புதுப் பலகை அதே மரத்தில், அதே இணைப்பு வடிவத்தில் இருக்கட்டும். பலகையை மேலே ஏற்றும் முன்பே அதன் அடிப்பக்கத்தில் சாயம் பூசிவிடுங்கள். அறுபது ஆண்டு பழுத்த நிறத்தை ஏணியில் நின்று அண்ணாந்து ஒத்துவரச் செய்வது நடக்காத காரியம். துண்டுப் பலகையில் மூன்று நான்கு கலவை பூசிக் காயவைத்து, பகல் வெளிச்சத்தில் பழைய பலகையோடு வைத்துப் பாருங்கள்.

பலகை சரியானதும், ஒயர் ஓடும் குழாய்களான கான்டூயிட்டுகளைக் கூரைமேல் படுக்கப் பதியுங்கள். அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் சோலார் போடுகிறவருக்கு அதுதான் வரைபடம். அவர் மாட்டும் தாங்கிகள் பலகையில் அல்ல, உத்திரத்தில் பிடிக்க வேண்டும்.

அதன்மேல் இன்சுலேஷன். பாலிஐசோ எனும் கெட்டி ஃபோம் அட்டையானாலும் தெளிக்கும் ஃபோமானாலும், சூடு கடப்பதைத் தடுக்கும் திறனைக் காட்டும் ஆர் மதிப்பு அங்குலத்துக்கு 6ஐ ஒட்டி வரும். ஃபோமுக்குப் பத்து ஆண்டுக்கொருமுறை மேற்பூச்சு வேண்டும். அட்டை என்றால் திருகாணி நீளத்தை நீங்களே கணக்குப் போடுங்கள். 2 அங்குல அட்டை, அரை அங்குல மூடுபலகை, பலகைக்குள் இறங்க 1 அங்குலம்: மொத்தம் மூன்றரை. கடையில் இருந்தது நாலரை அங்குலம்தான் என்று போட்டுவிட்டால் முனை கீழே சீலிங்கில் எட்டிப் பார்க்கும். நூற்றுக்கணக்கில் எட்டிப் பார்க்கும். ஒவ்வொன்றாக அறுக்க வேண்டும்.

தெருவிலிருந்து தெரியும் கூரை விளிம்பு மெல்லியதாக இருப்பதில்தான் இந்த வீட்டின் முகம் இருக்கிறது. இன்சுலேஷனை விளிம்புவரை முழுக் கனத்தில் கொண்டுபோனால் வீடு தொப்பி போட்டதுபோல் ஆகிவிடும். விளிம்புக்கு 2 அடி முன்பே சரித்துக் கொண்டுவாருங்கள். தட்டைக் கூரையானால் அடிக்குக் கால் அங்குலம் சரிவு நீர்வாரியை நோக்கி இருக்க வேண்டும்.

ஏசிக் குழாயைக் கூரைமேல் பெட்டி பெட்டியாக ஓடவிடுவது இந்தத் தெருக்களில் அடிக்கடி காணும் கொடுமை. குழாயில்லா மினி ஸ்பிளிட் போதும். வெளி யூனிட்டைப் பக்கவாட்டு வேலிக்குள் வைக்கலாம். சீலிங்கில் துளைபோட்டுப் பதிக்கும் கேன் லைட்டுக்கு இங்கே குழியே இல்லை. உத்திரப் பக்கத்தில் ஒட்டிய மெல்லிய டிராக், அல்லது பழைய உருண்டை விளக்கு, இரண்டும் பொருந்தும்.

தரை

4 அங்குல கான்கிரீட்டுக்குள் சுடுநீர்க் குழாய் ஓடி வீட்டைச் சூடாக்கும். பெரும்பாலும் செம்பு. 1950களின் தொடக்கத்தில் கொரியப் போர்க்காலச் செம்புத் தட்டுப்பாட்டில் கட்டிய சில வீடுகளில் இரும்புக் குழாய்; அது துருப்பிடித்திருக்கும். அழுத்தச் சோதனை செய்து கசிவில்லை என்று உறுதியானபிறகே மேல்தளம் போடுங்கள்.

வீடு குளிர்ந்திருக்கும் காலையில் ஹீட்டிங்கைப் போட்டு, அரைமணி நேரத்துக்குள் தெர்மல் கேமராவால் தரையைப் பாருங்கள். குழாய்கள் வெளிச்சக் கோடுகளாகத் தெரியும். நேரம் கடந்தால் தரை முழுக்கச் சூடாகிக் கோடு கலைந்துவிடும். நீல டேப் ஒட்டிப் படம் எடுங்கள். அதற்குப்பின் தரையில் ஒரு ஆணியும் கூடாது. புதுத் தடுப்பின் அடிக்கட்டையையும் பசையால் ஒட்டுங்கள். கதவடிப் பட்டைக்கு அடித்த ஒரே ஆணியால் தரையை உடைக்க நேர்ந்த வீடுகள் உண்டு. மேல்தளத்துக்கு டைல் அல்லது கார்க். டைலுக்கு அடியில் விரிசல் தடுக்கும் சவ்வு வேண்டும். இல்லாவிட்டால் ஸ்லாப்பின் கீறல் அப்படியே மேலே ஏறும். கனத்த கார்ப்பெட் சூட்டை விழுங்கிவிடும்.

பலகையும் கண்ணாடியும்

வெளிச்சுவர் என்பது நெட்டுக்குத்தாகப் பள்ளம் வெட்டிய ப்ளைவுட். பள்ளத்தின் அகலமும் இடைவெளியும் வீட்டுக்கு வீடு மாறும். வெள்ளைத்தாளைச் சுவரில் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுங்கள். குறைந்தது பத்துப் பள்ளம் வரட்டும். பழைய பெயின்ட் பள்ளத்தைக் குறுக்கிக் காட்டும் என்பதால், உடைந்த துண்டு ஒன்றைச் சுரண்டி ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். 1978க்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், ஈரப்படுத்தித்தான் சுரண்ட வேண்டும். இந்த அச்சைக் கொடுத்தால் இன்றும் அதே பலகையை வெட்டித் தருகிறார்கள். வந்த பலகையின் அடிவிளிம்புக்குப் பொருத்தும் முன் இரண்டு கோட் ப்ரைமர்; மண்ணிலிருந்து 6 அங்குலம் இடைவெளி. பூச்செடிக்காகச் சுவரோரம் மண்ணை ஏற்றிவைத்ததுதான் பலகையும் தூண் அடியும் உளுத்துப்போக முதல் காரணம்.

தெருப்பக்கச் சுவர் மொட்டையாக இருக்கிறதே என்று சன்னல் வெட்டாதீர்கள். பாதி வீடு கண்ணாடி. நிலநடுக்கத்தில் பக்கவாட்டு விசையைத் தாங்க மிச்சமிருப்பது இப்படிச் சில கெட்டிச் சுவர்கள்தான். கராஜ் கதவும் அதே பள்ளப் பலகையால் மூடியிருந்தால்தான் முகப்பு ஒன்றாகத் தெரியும்.

பழைய ஒற்றைக் கண்ணாடி தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவே நேரடியாகச் செருகப்பட்டது. வினைல் சட்டம் போட்டால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று அங்குலம் போய்விடும். சட்டமில்லாத இரட்டைக் கண்ணாடியைப் பழைய இடத்திலேயே வைத்து, பிடித்திருக்கும் மரப்பட்டையை மட்டும் இழைத்துச் சன்னமாக்குங்கள். 9 சதுர அடிக்கு மேற்பட்டு, தரையிலிருந்து 18 அங்குலத்துக்குள் தொடங்கி, நடமாடும் இடத்தை ஒட்டிய கண்ணாடி டெம்பர்டாக, அதாவது உடைந்தால் கூரிய துண்டாகச் சிதறாத பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும். பழையது அப்படி இருக்காது.

உள்ளே லவான் எனும் செம்மரப் ப்ளைவுட் பலகைச் சுவர் இருந்தால் வெள்ளையடிக்க அவசரப்படாதீர்கள். மினரல் ஸ்பிரிட்டால் துடைத்து, மிக மெல்லிய ஸ்டீல் வூலால் மரவரி போகும் திசையில் தேய்த்துப் பாருங்கள். அழுக்கு போனதும் அந்தச் செந்நிறம் மேலே வரும்.

நம் சமையலும் முற்றமும்

தாளிப்பு இந்த வீட்டுக்குப் புதிது. திறந்த சமையலறை, மேலே பூச்சில்லாத மரம். ஓராண்டில் எண்ணெய்ப் புகை பலகையில் படிந்துவிடும், மரத்திலிருந்து அதை எடுப்பது கடினம். புகைபோக்கி உண்மையாகவே கூரைக்கு வெளியே போக வேண்டும், இரண்டு உத்திரங்களுக்கு நடுவே நேராக. நிமிடத்துக்கு 400 கன அடிக்கு மேல் இழுப்பதானால் வெளிக்காற்று உள்ளே வர வழி வையுங்கள். இல்லாவிட்டால் காஸ் பாய்லரின் கழிவுப்புகை வீட்டுக்குள் திரும்பும். பூசைக்கும் இதே கணக்குத்தான்: விளக்கு வெறும் மரத்துக்கு நேர் கீழே வேண்டாம்.

முற்றத்தை மூடி ஹால் ஆக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். நம்மூர்த் தொட்டி முற்றத்தை மூடினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள்கூட இங்கே வந்து மூடுகிறார்கள். முற்றத்தைப் பார்த்த படுக்கையறைகளுக்கு வெளிச்சமும் தீ நேரத்தில் வெளியேறும் வழியும் அந்தச் சன்னல்தான் என்றால் பெர்மிட் கிடைக்காது. மழைநீர் வாய்க்காலும் முற்றத் தரைக்கடியில்தான் ஓடும். மழைக்கு முன் அதைத் தூர்வாரினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இடம் போதாதென்றால் பின்பக்கம் நீட்டுங்கள், பழைய கூரை உயரத்தைத் தாண்டாமல். மாடி எழுப்பினால் பக்கத்து வீட்டின் கண்ணாடிச் சுவர் முழுதும் உங்கள் படுக்கையறையிலிருந்து தெரியும். அவர்களால் பகலிலும் திரை விலக்க முடியாது. அக்கம்பக்கப் பகை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. நீட்டும் அறையிலும் அண்டை வீட்டைப் பார்த்த சன்னலின் அடிவிளிம்பு 5 அடிக்கு மேலே இருக்கட்டும். தப்பிக்கும் சன்னல் 44 அங்குலத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால் அதை உங்கள் தோட்டப் பக்கம் வையுங்கள்.