ரயிலடி ஊரின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி?

என் அப்பா கேங்மேன், தண்டவாளத்தைப் பராமரிக்கும் தொழிலாளி. நான் வளர்ந்தது ரயில்வே குவார்ட்டர்ஸில். அந்த உரிமையில் சொல்கிறேன்: ரயிலடியில் முளைத்த ஊரின் கதையைக் கோயில் கல்வெட்டில் தேடாதீர்கள். தண்டவாளம் எங்கே பிரிகிறது என்று முதலில் பாருங்கள்.

தூத்துக்குடி மாவட்டத்து மணியாச்சியையே எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் கரிசல் காடு. 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு மீட்டர் கேஜ் பாதை வந்தது. அதிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு கிளை பிரிந்த இடம் இது.

அடுத்து, வண்டி அங்கே எதற்காக நின்றது என்று கேளுங்கள். 1911 ஜூன் 17 அன்று திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது இங்கேதான். ஆஷ் இந்த ஊருக்கு வந்தவர் அல்ல. திருநெல்வேலியிலிருந்து ஏறி, தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலில் தான் இருந்த ரயில் பெட்டியைக் கோப்பதற்காகக் காத்திருந்தார். கொழும்புக் கப்பலில் வந்திறங்கியவர்களை ஏற்றி வரும் வண்டி அது. 1914இல் தனுஷ்கோடி வழி திறந்ததும் அந்தப் போக்குவரத்து அங்கே போய்விட்டது. ஒரு ஜங்ஷனில் காத்திருப்பு இருந்தால் போர்ட்டர், தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன், இட்லிக்கடை எல்லாம் தானாக வந்து சேரும். குடியிருப்பும் அப்படித்தான் தொடங்கும்.

அப்புறம் நிலம். அந்த வருவாய்க் கிராமத்தின் 'அ' பதிவேட்டை, அதாவது எந்த நிலம் யாருடையது என்று சொல்லும் பதிவேட்டைப் பார்த்து, ரயில்வேக்கு உரிய சர்வே எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எல்லையை ஒட்டி எந்த வீடுகள், எந்தக் கடைகள் இருக்கின்றன என்று நடந்து பாருங்கள். நீராவி இன்ஜினுக்குத் தண்ணீர் வேண்டும், ஆகவே பழைய கிணறும் தொட்டியும் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

காகிதம் வேண்டுமென்றால் எழும்பூர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. பேட் எழுதிய 1917ஆம் ஆண்டுத் திருநெல்வேலி கெசட்டியரும் (மாவட்ட விவர நூல்) உதவும். ஆனால் அதில் கேங்மேன் குடும்பங்களைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். அதற்கு ஓய்வு பெற்ற கீமேன் (பாதையை நடந்து சோதிப்பவர்), கேட்கீப்பர் வீடுகளுக்குத்தான் போக வேண்டும். "எந்த ஊரிலிருந்து மாற்றலாகி வந்தீங்க?" என்று தொடங்குங்கள். "ஊரின் வரலாறு சொல்லுங்க" என்றால் வாஞ்சிநாதனோடு முடித்துவிடுவார்கள். வீட்டம்மாக்களிடம் தண்ணீர் எங்கே எடுத்தார்கள் என்று கேளுங்கள், பேச்சு நிற்காது.

பிளாட்பாரத்தில் என்ன விற்கிறது என்பதையும் கவனியுங்கள். பக்கத்துக் கடம்பூர் போளி பேர் வாங்கியது ரயில் பயணிகளால்தான்.

படம் எடுக்கும் முன் ஸ்டேஷன் மாஸ்டரிடம் அனுமதி கேளுங்கள். தண்டவாளத்தின் மேல் நடக்காதீர்கள், அது சட்டப்படி குற்றம்.