கம்பெனி கார் வரியா, சொந்தக் காரா? பிரிட்டனில் கணக்கிடும் முறை

பிரிட்டனில் வேலை பார்ப்பவரிடம் நிறுவனம், "கார் வேண்டுமா, அதற்கு ஈடாக மாதப்படி வேண்டுமா?" என்று கேட்கும்போது, பலரும் கார் வரியை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். சொந்தக் காருக்கு ஆகும் மொத்தச் செலவை எதிர்ப்பக்கத்தில் எழுதாதவரை அந்த வரித்தொகை அதிகமா குறைவா என்று சொல்லவே முடியாது. கீழே உள்ளவை 2025-26 வரியாண்டுக்கான, இங்கிலாந்தின் வருமான வரி விகிதங்களைக் கொண்ட கணக்குகள்.

படி 1: கம்பெனி காருக்கான வரி

சொந்தப் பயணத்துக்கும் கிடைக்கும் கம்பெனி காரை வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. சம்பளத்தோடு சேர்ந்த சலுகையாகவே கருதுகிறது. வீட்டிலிருந்து வழக்கமான அலுவலகத்துக்குப் போய்வருவதும் சொந்தப் பயணம்தான். நிறுவனம் தள்ளுபடியில் வாங்கியிருந்தாலும், கார் பழையதாக இருந்தாலும், அது புதிதாக இருந்தபோதைய பட்டியல் விலையையே எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்விலையில், கரியமில வாயு வெளியேற்றத்துக்கு ஏற்ற சதவீதத்தைக் கண்டு, வரும் தொகைக்கு உங்கள் வருமான வரி விகிதத்தைப் போடுங்கள்.

35,000 பவுண்டு விலையுள்ள, கிலோமீட்டருக்கு 120 கிராம் வெளியேற்றும் பெட்ரோல் காருக்கு 30 சதவீதம், அதாவது 10,500 பவுண்டு. நீங்கள் 40 சதவீத வரி கட்டுபவர் என்றால் ஆண்டு வரி 4,200 பவுண்டு. அதே விலையுள்ள மின்சாரக் காருக்கு 3 சதவீதமே என்பதால் வரி 420 பவுண்டோடு நின்றுவிடும்.

சொந்தப் பயணத்துக்கான பெட்ரோலையும் நிறுவனமே போடுகிறது என்றால் மகிழ்ந்துவிடாதீர்கள். காரின் விலைக்குப் பதிலாக 28,200 பவுண்டு என்ற நிலைத்தொகையை வைத்து, அதே சதவீதத்தில் மற்றொரு வரி விதிக்கப்படும். மேற்கண்ட காருக்கு அது 3,384 பவுண்டு. அதைவிடக் குறைவான தொகைக்கே சொந்தப் பயணப் பெட்ரோல் போடுபவர் இச்சலுகையை மறுப்பதே நல்லது. மின்சாரம் இவ்விதியில் எரிபொருளாகக் கொள்ளப்படுவதில்லை.

படி 2: சொந்தக் காரின் செலவு

காப்பீடு, பராமரிப்பு, சாலை வரி, எரிபொருள், கடன் வட்டி ஆகியவற்றோடு, பலர் விட்டுவிடுகிற மதிப்புக் குறைவையும் ஆண்டுக் கணக்கில் எழுதுங்கள். புதிய காரில் பெரும்பாலும் அதுவே மிகப் பெரிய செலவு. அலுவல் பயணத்துக்கும், அதாவது வேலை நிமித்தம் வேறு இடங்களுக்குப் போவதற்கும், செல்லுமாறு காப்பீட்டை மாற்றிக்கொள்வது கட்டாயம்.

படி 3: திரும்பக் கிடைப்பது

அலுவல் பயணத்துக்கு நிறுவனம் முதல் 10,000 மைல்வரை மைலுக்கு 45 பென்ஸும், அதற்கு மேல் 25 பென்ஸும் வருமான வரியின்றித் தரலாம். 12,000 மைல் ஓட்டுபவருக்கு அது 5,000 பவுண்டு. நிறுவனம் 3,000 பவுண்டுதான் தருகிறது என்றால், மீதி 2,000 பவுண்டுக்கு வரித்துறையிடம் நிவாரணம் கோரலாம். ஆனால் கையில் வருவது அந்த 2,000 அல்ல, 40 சதவீத வரி கட்டுபவருக்கு அதற்கான வரியான 800 பவுண்டு மட்டுமே. பயணத் தேதி, இடம், நோக்கம், மைல் ஆகியவற்றை அவ்வப்போதே குறித்து வைக்காதவர் இதைக் கோருவது கடினம். காருக்கு ஈடான மாதப்படியோ முழுக்கச் சம்பளம்போல வருமான வரிக்கும் தேசியக் காப்பீட்டுப் பங்களிப்புக்கும் உட்பட்டது என்பதால், கழிவு போக மிஞ்சுவதையே எழுத வேண்டும்.

படி 4: ஒப்பீடு

ஒரு பக்கம் கம்பெனி கார் வரியும், சொந்தப் பயண எரிபொருளுக்கு நீங்கள் போடும் செலவோ அதற்கான வரியோ. மறுபக்கம் சொந்தக் காரின் செலவிலிருந்து மைல் தொகையையும் மாதப்படியில் மிஞ்சுவதையும் கழித்த எண். என் கணிப்பில், அலுவல் மைல் அதிகமாக ஓடி, சிக்கனமான பழைய கார் வைத்திருப்பவருக்குப் பெட்ரோல் கம்பெனி கார் அரிதாகவே லாபம்; புதிய கார்தான் வேண்டும் என்பவருக்கு மின்சாரக் கம்பெனி காரை வெல்வது கடினம்.

ஒப்பந்தம் பெரும்பாலும் மூன்று, நான்கு ஆண்டுக்கு இருக்குமாதலால், முதலாண்டு வரியை மட்டும் பார்க்காமல் ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். மின்சாரக் காருக்கான சதவீதம் 2026-27இல் 4, அடுத்து 5, பிறகு 7, 2029-30இல் 9 என்று ஏற அறிவிக்கப்பட்டுள்ளது. அந்த ஆண்டில் மேற்கண்ட காரின் வரி 420 பவுண்டாக இராது, 1,260 பவுண்டாக இருக்கும்.