டாம் பிராடியின் ஆட்டத்தைப் பார்ப்பது எப்படி: அந்த 81 விநாடியிலிருந்து தொடங்குங்கள்

பாஸ்டன் பக்கம் குடிவந்த முதல் குளிர்காலம் முழுக்க, பக்கத்து வீட்டுப் பெரியவரின் சோபாவில் உட்கார்ந்து, டிவியில் ஓடும் அமெரிக்கக் கால்பந்தில் பந்து எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். ஆட்கள் முட்டி மோதி விழுவார்கள், விசில் ஊதும், மறுபடி வரிசையில் நிற்பார்கள். "பந்தை விடு, 12ஆம் நம்பரைப் பார்" என்றார் அவர். அது டாம் பிராடி, நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர். அன்றுதான் இந்த ஆட்டம் எனக்குப் பிடிபட்டது. ஊரிலிருந்து யார் வந்தாலும் இப்போது நானும் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

விதிகள் இரண்டு தெரிந்தால் போதும். 10 கெஜம் முன்னேற நான்கு வாய்ப்பு. பந்தைப் பிடித்தவர் கோட்டுக்குள்ளேயே விழுந்தால் கடிகாரம் ஓடும். கோட்டைத் தாண்டி வெளியே போனாலோ, பந்து பிடிபடாமல் தரையில் விழுந்தாலோ நிற்கும்.

இனி 2002 பிப்ரவரி 3, நியூ ஆர்லியன்ஸில் நடந்த சூப்பர் பவுலை, அதாவது அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டத்தை எடுங்கள். எதிரணி செயின்ட் லூயிஸ் ராம்ஸ். நேராகக் கடைசிக்குப் போங்கள். 17-17. மீதி 81 விநாடி. பேட்ரியாட்ஸிடம் கடிகாரத்தை நிறுத்தும் டைம் அவுட் மிச்சமில்லை, பந்து தங்கள் பக்கத்து 17ஆவது கெஜத்தில். கூடுதல் நேர ஆட்டத்துக்குப் போய்விடுவதே புத்திசாலித்தனம் என்கிறார் வர்ணனையாளர் ஜான் மேடன். பிராடிக்கு வயது 24.

ஒரு தாளில் கோடு இழுத்து 100 கெஜத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு புள்ளி. ஜே.ஆர். ரெட்மண்டுக்கு 5 கெஜம், பிறகு 8. அடுத்து பிராடி பந்தை வேண்டுமென்றே தரையில் அடிக்கிறார், கடிகாரம் நிற்க. மறுபடி ரெட்மண்டுக்கு 11. ஒரு வீச்சு யாருக்கும் கிடைக்காமல் போகிறது. டிராய் பிரவுனுக்கு 23. ஜெர்மைன் விக்கின்ஸுக்கு 6. திரும்பவும் தரையில் அடி. மீதி 7 விநாடி. ஆடம் வினாட்டியேரி 48 கெஜத்திலிருந்து பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைக்க, மூன்று புள்ளி, 20-17.

எட்டு வீச்சில் மூன்று தரையில் விழுந்தவை. புதிதாகப் பார்ப்பவர்கள் அவற்றை வீண் என்று நினைத்துத் தாண்டிவிடுவார்கள். தாண்டாதீர்கள். தரையில் அடித்த அந்த இரண்டும்தான் அவருக்கு நேரம் வாங்கிக் கொடுத்தன.

இரண்டாம் முறை ஒலியை அணைத்துவிட்டு அவர் காலை மட்டும் பாருங்கள். பந்து கைக்கு வந்ததும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். பெரும்பாலும் மூன்றை முடிப்பதற்குள் பந்து போயிருக்கும். வேகமாக ஓடத் தெரியாதவர் அவர். 2000இல் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது 199ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள், அவருக்கு முன்னால் ஆறு குவார்ட்டர்பேக்குகள் போய்விட்டார்கள். 2001 செப்டம்பரில் அணியின் முதன்மை குவார்ட்டர்பேக் ட்ரூ பிளெட்சோ அடிபட்டதால்தான் களத்துக்கே வந்தார். ஓட முடியாதவருக்குச் சீக்கிரம் முடிவெடுப்பதுதான் கவசம்.

அந்தக் கவசம் உடைவதையும் பார்க்க வேண்டும். 2008 சூப்பர் பவுலில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அவரை ஐந்து முறை பந்தோடு வீழ்த்தி 17-14 என்று வென்றது. அதுவரை அந்தப் பருவத்தில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அணி பேட்ரியாட்ஸ். எங்கள் தெருவில் இன்றும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள்.

அதன் பிறகே 2017 சூப்பர் பவுலுக்கு வாருங்கள். பலர் இதிலிருந்துதான் தொடங்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, முந்தையதைப் பார்க்காமல் இதன் அருமை தெரியாது. ஹூஸ்டனில் அட்லாண்டா 28-3 என்று முன்னிலையில் இருக்கும் இடத்தில் ஓட விடுங்கள். அன்று பிராடியின் 62 வீச்சில் 43 பிடிபட்டன, 466 கெஜம். கூடுதல் நேரத்தில் பேட்ரியாட்ஸுக்கு 34-28 என்று வெற்றி. ஜூலியன் எடல்மன் மூன்று பேருக்கு நடுவில், பந்து தரையைத் தொடுமுன் பிடித்ததைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். நீங்கள் ஜேம்ஸ் வைட்டைக் கவனியுங்கள். பிராடிக்குப் பக்கத்திலேயே நின்று, மெல்ல விலகிப்போய், குட்டிக் குட்டி வீச்சாக 14 பிடித்தார். பதினைந்து வருஷத்துக்கு முன் ரெட்மண்டுக்குப் போட்ட அதே வகை வீச்சு. பழைய தாளை எடுத்து, அந்த 14 புள்ளிகளையும் வேறு நிறத்தில் பக்கத்திலேயே வையுங்கள்.